பன்னிரண்டாம் எண்ணின் கயிறு

இப்போது ஜனங்களுக்குக் கழுத்தில் பட்டை இல்லாமல் இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற கொண்டாப்பூரில் போய் நின்று பாருங்கள். காலையில் ஆபீஸுக்குப் போகிறவன் மாட்டிக்கொண்டு போகிறான், சரி. கதவு திறக்கப் பட்டையில் தொங்குகிற அட்டை வேண்டுமாம். சாயங்காலம் தக்காளி வாங்கும்போது எதற்கு? டீக்கடையில் எதற்கு? என் மகன் சாய்குமார் அதோடுதான் சோறு தின்கிறான். அட்டை சாம்பாரில் தோயும். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தின்பான்.

"கழட்டி வெச்சிட்டுத் துன்றா."

"இருக்கட்டும்பா. அப்புறம் மறந்துடுவேன்."

கழுத்தில் பட்டை, பட்டையில் எண். இருபத்தெட்டு வருஷம் நான் ஆடுகளுக்கு அதைத்தான் மாட்டினேன். ஓர் ஆடுகூட ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டதில்லை.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி வர்ஷினி ஸ்கூலிலிருந்து வந்தாள். ஏழு வயசு. அவளுக்கும் ஒரு பட்டை. மருமகள் ரஞ்சனா அதைக் கழற்றியபோது, பட்டை கிடந்த இடத்தில் வரிசையாகச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

"இச்சிங் தாத்தா," என்று கழுத்தைக் காட்டினாள் குழந்தை.

"வேர்க்குரு மாமா. பவுடர் போட்டாப் போயிடும். கைக்கு இப்படிப் பாக்கறீங்க?" என்றாள் ரஞ்சனா. எங்கள் ஊர்த் தமிழில் 'கைக்கு' என்றால் 'ஏன்'.

வேர்க்குரு என்று எனக்கும் தெரியும். தொட்டுப் பார்த்தேன், வேர்க்குருதான். ஆனாலும் என் கழுத்து அரிக்க ஆரம்பித்தது. போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு மெட்டுகுடாவில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் சுவர் ஆணியிலிருந்து அந்த ஆட்டுக் கயிற்றை எடுத்தேன். செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகருக்கு பஸ் ஏறினேன். அங்கே டாக்டர் உஷா மேடம் இருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக அவர்களிடம் மறைத்ததைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய தடுப்பூசி கெட்டுப்போகவில்லை, கெடுத்தது என் கயிறு என்று.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஆற்காட்டுப் பக்கம் சொந்த ஊர் என்பார்கள், நான் பார்த்ததில்லை. குவார்ட்டர்ஸ் பின்னால் அம்மா நாலு ஆடு வைத்திருந்தாள். அதனால் எனக்கு ஆடு தெரியும். ஆடு தெரிந்ததால் ஊருக்கு வெளியே இருந்த தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்தில் கொட்டகை வேலை கிடைத்தது. அந்தக் கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது.

மேடம் கோயமுத்தூர்ப் பக்கம். ஆட்டம்மைக்கு மருந்து கண்டுபிடிக்க வந்தவர்கள். ஆட்டுக்கு அம்மை வந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். காய்ச்சல் அடிக்கும். உதட்டில், வாலுக்கடியில், தொடையில், மடியில் முத்து முத்தாக எழும்பும். பெரிய ஆடு சிலது பிழைக்கும். குட்டி பிழைக்காது. முத்து காய்ந்து பொருக்காகி விழும்போது, அந்தப் பொருக்கிலும் நோய் உட்கார்ந்திருக்கும்.

மருந்து எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். மேடம் சொன்னார்கள். நோய்க்கிருமியைப் பாட்டிலில் வளர்ப்பார்களாம். அதில் ஒரு சொட்டு எடுத்து அடுத்த பாட்டில், அதிலிருந்து அடுத்தது. ஆட்டின் உடம்பையே பார்க்காமல் பாட்டிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தால் கிருமிக்கு ஆட்டைக் கொல்வது மறந்துபோகுமாம். ஆனால் ஊசியாகப் போட்டால் ஆட்டின் உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு நிஜ நோய் வந்தால் உள்ளே விடாது.

"மறந்த மாரி நடிச்சா?" என்று கேட்டேன்.

மேடம் சிரித்துவிட்டார்கள். "நடிக்குதான்னு பாக்கத்தானுங்ண்ணா உங்க ஆடுங்க இருக்குது."

ஆறு வருஷத்தில் அறுபது பாட்டில் தாண்டினார்கள். அறுபதாவது பாட்டில் மருந்தை ஆடுகளுக்குப் போட்டுப் பார்த்தது இரண்டாயிரத்து இரண்டு, தை மாசம்.

இரண்டு கொட்டகை. முதல் கொட்டகையில் மருந்து போட்ட எட்டு ஆடு. அவற்றோடு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று ஊசியே போடாத இரண்டு ஆட்டையும் கட்டினோம். மருந்துக் கிருமி ஒட்டிக்கொண்டு பரவுகிறதா என்று பார்க்க. அந்த இரண்டும் சும்மா இருந்துவிட்டால் மருந்து கிராமத்துக்குப் போகும். இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

நூற்றைம்பது அடி தள்ளி நாலாம் கொட்டகை. அங்கே மருந்து போடாத ஆடுகளுக்கு நிஜ அம்மையையே ஊசியில் ஏற்றியிருந்தார்கள், அந்தக் கிருமியின் பலத்தைப் பார்ப்பதற்கு. அங்கிருந்து எது வெளியே வந்தாலும் உலையில் போட்டுக் கொளுத்த வேண்டும். செத்த ஆடு, மிச்சத் தழை, துடைத்த துணி, கட்டின கயிறு, எல்லாம். அங்கே வேலை பார்த்தவன் குளித்துத் துணி மாற்றாமல் இந்தப் பக்கம் வரக்கூடாது. நான் குளித்தேன். துணி மாற்றினேன். அதில் ஒருநாளும் தப்பு செய்யவில்லை.

கயிற்றில் செய்தேன்.

எங்கள் வீட்டில் ஆட்டை விற்றால் கயிற்றை விற்க மாட்டோம். கசாப்புக்காரர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். அம்மா எங்கள் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்ட பிறகுதான் ஆடு வாசல் தாண்டும். செத்த ஆட்டுக்கும் அப்படித்தான். கயிறு ஆட்டோடு போனால் பட்டி பெருகாது என்பாள். கொட்டகையிலும் என் கை அதையே செய்தது.

மேடத்துக்கு உதவியாக வாணியம்பாடிப் பையன் ஒருவர், இர்பான். பெரிய படிப்பு. ஒருதடவை பார்த்துவிட்டார்.

"அண்ணே, கயித்தோட போடச் சொன்னேன்ல?"

"கயிறு போனா பட்டி பெருவாது சார்."

"நம்ம பட்டி எதுக்குண்ணே பெருகணும்? சாம்பலாக்கத்தானே வாங்கியாறோம்!"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் பார்க்காதபோது அவிழ்த்தேன்.

நாலாம் கொட்டகையில் பன்னிரண்டாம் எண் செத்தது. அதன் கயிறு நானே பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிப் பின்னியது. பினாயிலில் அரை நாள் ஊறவைத்தேன். சோடா போட்டுத் துவைத்தேன். இரண்டு நாள் வெயிலில் போட்டேன். வாசனைகூட இல்லை. எனக்கு அது சுத்தம்.

முதல் கொட்டகைக்கு அந்த வருஷம் ஆபீஸ் பச்சை நைலான் கயிறு வாங்கியிருந்தது. முப்பத்தொன்று நிற்காத ஆடு, இழுத்துக்கொண்டே இருக்கும். நைலான் அதன் கழுத்தை அறுத்துவிட்டது. மூன்றாம் நாள் நைலானைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டின் கயிற்றை அதற்குக் கட்டினேன். எண் போட்ட தகர வில்லையை மாற்றிக் கோத்தேன். மெத்தென்று இருந்தது போல, ஆடு என் கையை நக்கியது.

பதினான்காம் நாள் காலையில் தழை போடும்போது கயிற்றுக்கடியில் விரல் விட்டேன். ஒரு முத்து தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. பக்கத்தில் இன்னொன்று. கயிறு கிடந்த கோட்டிலேயே.

கயிற்றை அவிழ்த்து டிபன் பையில் போட்டேன். பச்சை நைலானைக் கட்டினேன். அதற்குப் பிறகுதான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் கழுத்தைப் பார்த்தார்கள். "இது நைலான் அறுத்த புண்ணுங்களா?"

"ஹவ் மேடம்," என்று ஆமாம் போட்டேன்.

மூன்று நாளில் உதட்டில் வந்தது. பிறகு தொடையில், வாலுக்கடியில். மேடம் கொட்டகை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். எண்பத்து நாலு. எண்ணி முடித்து, தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள்.

டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அரை மணி நேரம் பார்த்தார்கள். கிருமிக்குப் பழைய விஷம் திரும்பிவிட்டது, இந்த மருந்தை வெளியே விட முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். அறுபது பாட்டிலையும் நீராவியில் அவித்துக் கொட்டச் சொன்னார்கள். பாட்டில் வண்டியைத் தள்ளியவன் நான்தான். மேடம் கூடவே நடந்து வந்தார்கள், பிணத்துக்குப் பின்னால் வருகிற மாதிரி.

முப்பத்திரண்டுக்கு ஒன்றும் வரவில்லை. எட்டும் திடமாக இருந்தன. முப்பத்தொன்றும் தேறிக்கொண்டிருந்தது, பொருக்கு உதிர்ந்து தழை தின்ன ஆரம்பித்திருந்தது. பத்தையும் முடித்துவிடச் சொல்லி உத்தரவு. இர்பான் ஊசி போட்டார், நான் பிடித்துக்கொண்டேன். முப்பத்தொன்று என் சட்டைப் பையில் தழை இருக்கிறதா என்று மூக்கை விட்டுத் தேடியது. மூக்கு உள்ளே இருக்கும்போதே கால் மடங்கியது.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருந்தது.

அடுத்த குளிர்காலம் மகபூப்நகர்ப் பக்கம் அம்மை புகுந்தது. தடுப்பூசி கேட்டு ஆட்டுக்காரர்கள் கூடத்து கேட்டில் வந்து நின்றார்கள். ஒரு பொம்பிளை ஆட்டோவிலிருந்து செத்த குட்டிகளை இறக்கி கேட்டுக்கு முன்னால் வரிசையாகப் படுக்க வைத்தாள். பதினோரு குட்டி. கத்தவில்லை, அழவில்லை. யாராவது வந்து பார்க்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்பக்க கேட் வழியாக உள்ளே போனேன். வேலை முடிந்து அதே வழியாகத்தான் வெளியே வந்தேன். அவள் எப்போது எழுந்து போனாள் என்று தெரியாது. என்னைக் கேட்டால், அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கயிறு வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. வெளியே எறிய முடியாது, எவனாவது எடுத்து ஆட்டைக் கட்டுவான். ஒருதடவை அடுப்பில் வைத்தேன். நுனி பற்றியதும் மயிர் பொசுங்குகிற வாசனை வந்தது. பருத்தித் துணியில் மயிர் ஏது? தண்ணீர் ஊற்றி அணைத்து மறுபடி ஆணியிலேயே மாட்டினேன். ரயில் போகும்போது எங்கள் சுவர் அதிரும், கயிறு ஆடும். ரயில் போனதும் நின்றுவிட வேண்டும் அல்லவா? மத்தியானத்தில் சில நாள் அது நிற்காது. யாரோ மறுமுனையைப் பிடித்து இழுக்கிற மாதிரி விட்டு விட்டு ஆடும். அப்போது என் கழுத்து அரிக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

மேடம் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. அவர்களே கதவைத் திறந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நாராயணசாமி அண்ணாவா! என்னங்ண்ணா இந்த வெயில்ல? உள்ள வாங்க. மொதல்ல மோர் குடிங்க."

"மோர் நக்கோமா, வேணாம். சொல்லிட்டு குடிக்கறேன். சொன்னப்புறம் நீங்க குடுக்க மாட்டீங்க, அது வேற விஷயம்."

மேசையில் செய்தித்தாளைப் பிரித்தேன். கயிற்றைக் காட்டினேன். பன்னிரண்டு, முப்பத்தொன்று, டிபன் பை, எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கயிற்றின் கருகிய நுனியைப் பார்த்தார்கள். பிறகு உள்ளே போய் முதலில் மோரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஒரு காகிதம்.

"இர்பான் இப்ப கொண்டாப்பூர்ல ஒரு கம்பெனில பெரிய ஆளு. முப்பத்தொண்ணோட பொருக்க நாங்க ஐஸ் பெட்டில போட்டு வெச்சிருந்தோம்ங்ண்ணா. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அவரு அத மெசின்ல போட்டுப் பாத்தாரு. நம்ம பாட்டில் கிருமிக்கு ஒரு அடையாளம் உண்டுங்க, ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். நோய் தர்ற நெசக் கிருமிக்கு அது முழுசா இருக்கும். முப்பத்தொண்ணுல இருந்தது துண்டு விட்டுப்போனதுதான்."

"அப்டின்னா?"

"நம்ம மருந்துதானுங்ண்ணா பரவியிருக்கு. உங்க கயிறு இல்ல. நீங்க அன்னைக்கே கேட்டீங்கல்ல, நடிச்சான்னு? நடிச்சிருக்குது." மேடம் சிரிக்கப் பார்த்தார்கள். "இத்தன வருசம் இதத் தூக்கிட்டு அலைஞ்சீங்களாக்கும்! எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

காகிதத்தைப் பார்த்தேன். கோடு கோடாக இங்கிலீஷ் எழுத்து. நான் எதைப் பார்க்க?

"அப்ப மொத முத்து கழுத்துல கைக்கு வந்துச்சு? கயிறு இருந்த எடத்துலயே?"

"தோல் எங்க ஒரசியிருக்குதோ அங்க மொதல்ல எழும்பும்ங்ண்ணா. நைலான் அறுத்த கழுத்துதானுங்க அது."

"முப்பத்திரெண்டுக்கு ஏன் வரல? அதும் பக்கத்துலதான நின்னுச்சு? மருந்து பரவுச்சுன்னா அதுக்கும் வரணுமில்ல?"

"அது எனக்குந் தெரியலைங்க."

"ரெண்டும் சேந்து வந்துருந்தா மேடம்? பாட்டில்ல இருந்தது கொஞ்சம், என் கயித்துல இருந்தது மிச்சம்? எந்த முத்துல எது இருந்துச்சுன்னு மெசினுக்குத் தெரியுமா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்கள். "எந்தப் பொருக்கப் போட்டமோ அதுல இருந்ததத்தான் சொல்லும்."

"எந்தப் பொருக்கப் போட்டீங்க?"

"தொடையில எடுத்தது."

"கழுத்துல எடுத்தது?"

வெளியே ஒருவன் தள்ளுவண்டியில் வெங்காயம் கூவிக்கொண்டு போனான். அவன் தெரு முனை திரும்பும்வரை நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"கழுத்துல எடுக்கலீங்ண்ணா," என்றார்கள். "நைலான் அறுத்த புண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க? புண்ணு கலந்த பொருக்கு வேண்டாம்னு விட்டுட்டோம்."

நான் மோரை எடுத்துக் குடித்தேன். உப்பு அதிகம். முழுக்கக் குடித்தேன்.

"அண்ணா, தொடைக்கு வந்ததுதான் கழுத்துக்கும் வந்திருக்கும். ஒரே ரத்தம், ஒரே ஒடம்பு. நான் நம்பறேன்."

"நீங்க நம்பிக்கங்க."

"இந்தக் கயித்த இங்க வெச்சிட்டுப் போங்க. இர்பானக் கூப்பிட்டு இதையும் பாக்கச் சொல்றேன்."

"பாத்தா என்ன வரும்?"

"ஒண்ணும் இல்லைன்னு வரும்."

"ஒம்பது வருசம். பினாயில், சோடா, வெயிலு, அடுப்பு. ஒண்ணும் இல்லைன்னுதான் வரும். அன்னைக்கு இருந்துச்சா இல்லையான்னு அதுல வருமா?"

மேடம் கயிற்றின் மேல் கை வைத்தார்கள். பிடுங்குகிற கை இல்லை. வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காகிதம் வந்த நாளிலிருந்து, தோற்றது தன் மருந்துதான் என்று ஒரு மாதிரி அமைதியாகி இருந்திருப்பார்கள். நான் போய் அதையும் கலைத்துவிட்டேன். அவர்கள் முகத்தில் அது தெரிந்தது. எண்பத்து நாலை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்த அன்றைய முகம்.

"எங்க வூட்ல கயித்தக் குடுக்கற பழக்கம் இல்ல மேடம்," என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார்கள். நான் கயிற்றைச் சுற்றிப் பையில் போட்டேன். வாசல்வரை வந்தார்கள்.

"அண்ணா, அது உங்க கயிறு இல்லீங்க."

"சரி மேடம்."

சரி என்று சொன்னது அவர்களுக்காக. அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. மெஷினும் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அது தொடையைப் பார்த்தது. கழுத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். என் விரல் பார்த்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஒரு பஸ் வந்தது. உள்ளே நெருக்கியடித்துப் பிள்ளைகள், எல்லார் கழுத்திலும் பட்டை, பட்டையில் எண். ஒருவன் பட்டைக்குள் விரல் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான். கண்டக்டர் "எக்கண்டி, எக்கண்டி" என்று தெலுங்கில் ஏறச் சொன்னான். நான் ஏறவில்லை. மெட்டுகுடா பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். பை லேசாகத்தான் இருந்தது. ஆனால் நடக்க நடக்க, பின்னாலிருந்து ஏதோ விட்டு விட்டு அதை இழுத்துக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.